சிவப்பு விளக்கை யார் அணைப்பது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வந்திருக்கவே கூடாது. 'மக்கள் நம்பிக்கை வாரம்' என்று ஒரு விழா. அதன் மலருக்கு நாலு பக்கக் கட்டுரை கேட்டார்கள், பொன்னாடை உண்டு என்றார்கள். ஆசை யாரை விட்டது? 'அரசு நிறுவனங்களின் மீது பொதுமக்கள் கொண்டுள்ள நம்பிக்கையானது' என்று தொடங்கினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. எழிலரசி குறுக்கே வந்துவிட்டாள்.

2

எழிலரசிக்கு ஒரகடத்தில் வேலை. காருக்குள் போகும் ஒயர்களைக் கட்டும் லைனில் எட்டு வருஷம். அங்கே ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கயிறு தொங்கும். தப்பு கண்ணில் பட்டால் இழுக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரியும், லைன் நிற்கும், சூப்பர்வைசர் ஓடி வருவார். கோளாறைச் சரிசெய்தவர்தான் விளக்கை அணைக்கலாம், வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

அதைப் பார்த்து அசந்துபோன ஓர் அதிகாரி, பிள்ளைப்பாக்கம் பக்கத்துச் சுகாதார நிலையம் ஒன்றிலும் அதே மாதிரி கயிறும் சிவப்பு விளக்கும் மாட்டச் சொன்னார். (எந்த ஊர் என்று கேட்காதீர்கள். பொன்னாடை இன்னும் கைக்கு வரவில்லை.) நோயாளிகள் உட்கார பெஞ்சு கேட்டு மூன்று வருஷமாக மனு போய்க்கொண்டிருந்தது. கயிறு மூன்றே நாளில் வந்தது. ரிப்பன் வெட்டி, 'குறை இருந்தால் இழுக்கவும்' என்று பலகையும் வைத்தார்கள்.

3

எழிலரசி கண்களில் சோகம் ததும்ப, மகளை அணைத்தபடி [இந்த வரியை அடித்துவிட்டேன். சோகமாவது ஒன்றாவது! செம கடுப்பில் இருந்தாள்.]

மகள் கவிப்பிரியாவை நாய் கடித்து இன்று ஏழாம் நாள். இரண்டு ஊசி போட்டாயிற்று, மூன்றாவது இன்றே போட்டாக வேண்டும். எழிலரசி லீவு போட்டுவிட்டு அவளை அந்தச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டி வந்திருந்தாள்.

நர்ஸ் ரூத் கையைப் பிசைந்தார். "மருந்து இருக்கும்மா. ஃப்ரிட்ஜ் பூட்டியிருக்கு. சாவி பார்மசிஸ்ட் பாக்கெட்ல."

"அவரு எங்க?"

"நம்பிக்கை ஊர்வலத்துக்கு ஆள் பத்தலன்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க. போன் அடிச்சா எடுக்கல. அங்க பேண்டு வாத்தியம்."

எழிலரசி நிமிர்ந்தாள். தலைக்கு மேல் கயிறு. யோசிக்கவே இல்லை, இழுத்துவிட்டாள்.

4

அதிகாரி ஒன்றை மறந்துபோனார். வரிசையில் நின்ற நாற்பது பேரும் எழிலரசி மாதிரி ஒரகடத்துக் கம்பெனி ஆட்கள். சிவப்பு எரிந்ததும் பழக்க தோஷத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள். சீட்டு வாங்கப் போன எல்லப்பன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிரஷர் பார்க்க உட்கார்ந்தவர் எழுந்து சுவரோரம் போய்விட்டார்.

உதவியாளர் திருமலை பதறினார். "ஏம்மா, அது ஃபங்ஷனுக்கு மாட்டுனது. இழுக்கறதுக்கு இல்ல!"

"அப்ப இன்னாத்துக்கு இழுன்னு எழுதி வச்சிகிறீங்க?"

"லைட்ட ஆஃப் பண்ணு தாயி. ஜனம் நிக்குது பாரு."

"சரி பண்ணவங்கதான் ஆஃப் பண்ணணும். சாவி வரட்டும்."

"கரெக்டு" என்றார் எல்லப்பன். ஊர்வலத்தில் யாருக்கும் இது தெரியாது.

5

முதல் முடிவு: பார்மசிஸ்ட் மூச்சிரைக்க ஓடி வருகிறார், ஊசி போட்டாயிற்று. என் மனைவி படித்துவிட்டு, "கதை விடாதீங்க" என்றாள்.

இரண்டாவது முடிவு: மறுநாள் பல்பைக் கழற்றிக்கொண்டு...

நான் வாக்கியத்தை முடிக்கவில்லை, அதற்குள் மனைவி "ஆங், இதுதான் நடக்கும்" என்றாள். நீங்களும் அப்படித்தானே நினைத்தீர்கள்? நல்லது நடந்தது என்றால் சாட்சி கேட்கிறோம், கெட்டதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்கிறோம். (என் நாலு பக்கக் கட்டுரை இவ்வளவுதான்.) சிரித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். இப்போது அந்தக் குழந்தையை நினைத்து இரண்டு முடிவுகளையும் அடித்துவிட்டேன்.

6

மலர்க் குழுவிலிருந்து போன். "சார், பிரஸ்ஸுக்குப் போவணும். கட்டுரையோ கதையோ, எப்படியாச்சும் முடிச்சுக் குடுங்க. கடைசி வரி ஒண்ணுதானே?"

கவிப்பிரியா அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்து இழுக்கிறாள். "லைட்டு எரிஞ்சா வருவாங்க தானேம்மா?"

"வருவாங்க" என்கிறாள் எழிலரசி. எட்டு வருஷத்தில் கயிற்றை இழுத்து யாரும் வராமல் போனதை அவள் பார்த்ததில்லை.

மலர்க் குழுவுக்கு: கோளாறைச் சரிசெய்தது நான் இல்லை. ஆகவே விளக்கை அணைக்கும் அந்தக் கடைசி வரியை நான் எழுத முடியாது. நாற்பது பேர் நிற்கிறார்கள். பொன்னாடை வேண்டாம், சாவியை அனுப்பி வையுங்கள்.