ஓடுதளத்துச் சேறு

விடிவதற்கு முன்பே மழை விட்டுவிட்டது. அந்தப் பாலைவனத்தில் மழை பெய்தால் ஆடிப்பாடாத குறையாகச் சந்தோஷப்படுவார்கள். ஆனால் லோயிஸின் விடுதியில் அன்று காலை யார் முகத்திலும் சிரிப்பில்லை. ப்ரெண்டனின் மகள் எல்சி, ஒன்பது வயதுக் குழந்தை, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடந்தாள்.

பள்ளி விடுமுறைக்கு அடிலெய்டிலிருந்து இங்கே வரலாம் என்று பிடிவாதம் பிடித்தவன் ப்ரெண்டன்தான். அவன் மனைவி கெரினுக்குக் கடற்கரைக்குப் போகவே ஆசை. அதை அவள் இப்போது சொல்லிக்காட்டவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

விடுதியை நடத்தும் லோயிஸ், தூரத்து ஆஸ்பத்திரி டாக்டர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, குழந்தையின் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தாள். பிறகு பச்சை மருந்துப் பெட்டியைத் திறந்தாள். அதில் மருந்துகளைப் பெயர் சொல்லித் தேட வேண்டியதில்லை, எண் போதும். டாக்டர் சொன்ன எண்ணுள்ள மருந்தை எடுத்துக் கொடுத்தாள். குடல்வால் வீக்கமாக இருக்கலாம், விமானம் அனுப்புகிறேன் என்றார் டாக்டர். விடுதிக்குப் பக்கத்திலிருக்கும் மண் ஓடுதளம் காய்ந்திருக்கிறதா என்று கேட்டார்.

“இப்ப ஈரமாத்தான் இருக்கு. இதே வெயில் அடிச்சா மதியத்துக்குள்ள இறுகிடும்,” என்றாள் லோயிஸ்.

மதியம் வரை கட்டிலருகே உட்கார்ந்திருக்க ப்ரெண்டனால் முடியவில்லை. குழந்தை முனகும் ஒவ்வொரு முறையும் எழுந்து வாசலுக்குப் போனான். வண்டிப் பாதை முழுக்கத் தண்ணீர். அதற்கு அப்பால் ஓடுதளம் மேடாக, வழவழவென்று, பெரிய சாலையிருக்கும் திசையில் நீண்டு கிடந்தது. இதிலேயே போய்ச் சாலையைப் பிடித்துவிடலாமே என்று தோன்றியது அவனுக்கு. முதலில் தான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு குழந்தையை ஏற்றிக்கொள்ளலாம். யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்தான்.

பாதித் தூரத்தில் கார் வழுக்கியது. சக்கரம் புதைந்தது. அவன் பதறி முடுக்க, அது இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டு போனது. இறங்கித் திரும்பிப் பார்த்தபோது, ஓடுதளத்தின் நடுவே இரண்டு வாய்க்கால்கள் வெட்டியதுபோல் பள்ளம் விழுந்திருந்தது.

லோயிஸ் செருப்பைக் கையில் பிடித்தபடி ஓரமாக நடந்து வந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் குனிந்து பள்ளத்தின் ஆழத்தைக் கையால் அளந்து பார்த்தாள்.

“ரோடு மாதிரி இதுல போகலாம்னு நெனச்சிட்டீங்க.”

“ஆமா.”

“ஈரத்துல இதுமேல யாரும் சக்கரம் வைக்க மாட்டோம். இங்க இருக்கற யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியிருக்காது. அதான் உங்ககிட்ட சொல்லணும்னு எனக்குத் தோணல. அது என் தப்பு.”

அந்தத் தப்பில் பாதியை அவள் எடுத்துக்கொண்டாளே தவிர, அவன் நெஞ்சுச் சுமை குறையவில்லை. ஆனாலும் கையில் மண்வெட்டி பிடிக்கும் அளவுக்கு அவனுக்குத் தெம்பு வந்தது. கனிவாகச் சொன்ன சொல்லுக்கு அவ்வளவு பலம் உண்டு.

பக்கத்து அறையில் தங்கியிருந்த ரெக்ஸ், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், தன் வண்டியை ஓரத்தில் நிறுத்தி, கம்பி கட்டிக் காரை வெளியே இழுத்தார். “அடிலெய்டுக்காரங்களுக்கு எங்க விட்டாலும் பார்க்கிங் கிடைச்சிடுது,” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்காமல், சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சேற்றை அள்ள ஆரம்பித்தார்.

ஈரச் சேற்றை வாரி வெளியே கொட்டினார்கள். கொட்டகைக்குள் கிடந்த காய்ந்த சரளையைக் கொண்டுவந்து போட்டு மிதித்தார்கள். சமையல்காரப் பெண்ணும் அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிட்டாள். மதியம் டாக்டரிடமிருந்து அழைப்பு வந்தது. ப்ரெண்டன் லோயிஸின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“காஞ்சிடுச்சுன்னு சொல்லுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். பைலட்டுக்குத் தெரியாதா, பாத்து இறக்கிடுவாங்க.”

“மேல இருந்து பாத்தா அவளுக்கு எதுவும் தெரியாது, ப்ரெண்டன். என் வார்த்தைய நம்பித்தான் அவ இறங்குறா.” பிறகு தொலைபேசியில், “இல்ல டாக்டர், பள்ளம் விழுந்திருக்கு. இன்னும் ஆகல,” என்றாள்.

அந்த நிமிடம் அவளை அவன் வெறுத்தான். அந்த வெறுப்போடே மண்ணை மிதித்தான்.

கெரின் ஒருமுறை வெளியே வந்தாள். காய்ச்சல் ஏறியிருக்கிறது என்றாள். அவன் தலை நிமிரவில்லை. அவள் தன் சட்டை நுனியால் அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். “காலையிலேருந்து நீ ஒண்ணும் சாப்பிடல,” என்று அவன் வாயில் ஒரு ரொட்டித் துண்டை வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். அவனால் அதை மெல்லவும் முடியவில்லை, துப்பவும் மனமில்லை.

பள்ளம் நிரம்பியதும் லோயிஸ் தன் வண்டியைக் கொண்டுவந்தாள். ப்ரெண்டனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, நிறையத் தண்ணீர் ஊற்றிய குவளை ஒன்றைக் கையில் கொடுத்தாள். ஓடுதளத்தைச் சோதிக்க அவர்கள் குடும்பத்தில் வழிவழியாகச் செய்வது அது. விமானம் தரையில் ஓடும் வேகத்துக்கு ஈடாக வண்டி பறக்கும். தண்ணீர் தளும்பலாம், சிந்தக் கூடாது.

வண்டி கிளம்பியது. சரளை போட்ட இடம் வந்தபோது அடியில் ஏதோ அமுங்கியது. குவளை துள்ளி, தண்ணீர் அவன் முழங்காலில் கொட்டியது.

லோயிஸ் வண்டியை நிறுத்தி, கையோடு கொண்டுவந்திருந்த தொலைபேசியில் விமானியை அழைத்தாள். அதை அவனிடம் நீட்டினாள்.

“நீங்களே சொல்லுங்க.”

மறுமுனையில் விமானியின் குரல் கேட்டது. இளம்பெண். “தளம் எப்படி இருக்கு?” என்று கேட்டாள். நல்லா இருக்கு என்ற சொல் அவன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எல்சியின் முனகல் காதிலேயே நின்றது. ஆனால் அந்தக் குரலையும் எங்கோ ஓர் அப்பா தினமும் காத்திருந்து கேட்பார் அல்லவா? ஈர முழங்காலைக் கையால் பொத்திக்கொண்டான்.

“இன்னும் ஆகல,” என்றான். “ஒரு இடம் அமுங்குது. நாங்க சரி பண்றோம்.”

“சரி. நான் ரெடியாத்தான் இருக்கேன். நீங்க சொன்ன உடனே கெளம்பறேன்,” என்றாள் அவள்.

மறுபடி தோண்டினார்கள். அடியில் ஒளிந்திருந்த சேற்றை ப்ரெண்டன் கைகளாலேயே வாரினான். மீண்டும் சரளை, மீண்டும் மிதி, மீண்டும் குவளை. வெயில் சாயத் தொடங்கியபோதுதான் ஒரு சொட்டும் சிந்தாமல் வண்டி கடைசிவரை ஓடியது. அவனே அழைத்துச் சொன்னான்.

விமானம் இறங்கியது. அதில் வந்த நர்ஸ் எல்சியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை ப்ரெண்டன் கவனித்தான். குடல்வால் உள்ளே வெடித்திருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் தெரியும் என்றாள். கூட ஒருவருக்குத்தான் இடம். கெரின் ஏறினாள். எல்சி அரைக்கண் திறந்து, “அப்பா வரலயா?” என்று கேட்டாள். பின்னாலேயே வருகிறேன் என்றான். தண்ணீர் வடிந்து பாதை திறக்க எத்தனை நாளாகும் என்று அவனுக்குத் தெரியாது.

விமானம் புள்ளியாகித் தேய்ந்து, பிறகு வெறும் வானம் மிஞ்சியது. ரெக்ஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

“இனி நான் என்ன செய்யட்டும்?” என்று ப்ரெண்டன் கேட்டான்.

“செய்யறதுக்கு ஒண்ணுமில்ல,” என்றாள் லோயிஸ்.

அவள் ஓடுதளத்தின் ஓரத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த கல்லையெல்லாம் தள்ளி அவனுக்கு இடம் பண்ணினாள். அவன் உட்கார்ந்தான். அவள் கண்ணை மூடி மெல்ல ஜெபம் சொல்லத் தொடங்கினாள். அவள் ஆமென் சொன்ன இடத்தில் மட்டும் அவனும் சொன்னான்.