இரண்டாம் கேள்விக்கு ஓர் எண்

1

இந்தக் கதை ஒரு காலுறையிலிருந்து பிறந்தது. இதைவிடக் கம்பீரமான பிறப்பு வேண்டுமென்று மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். ‘அவள் போன அன்று வானம்’ என்றது ஒன்று. அன்று நான் வானத்தைப் பார்க்கவேயில்லை. குனிந்து என் மனைவியின் இடது காலுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன்.

“மனசாட்சியோட சொல்லு. இது பூஜ்யமா?”

“பூஜ்யந்தான்.”

“பதினோரு வருஷமா நான் மாட்டிவிடுறேன்.”

“அதனாலதாங்க பூஜ்யம். குனியறது நீங்க. எனக்கென்ன சிரமம்?”

பிறகு அவள் மருந்துக் கிடங்கின் குளிர் அறைக்கு வேலைக்குப் போனாள். திரும்பி வரவில்லை. இதயம். அத்தனை வருடமும் நாங்கள் இருவரும் அவள் முதுகையே காவல் காத்துக்கொண்டிருந்தோம்.

2

(எது பூஜ்யம் என்று இன்னும் சொல்லவில்லை. அச்சகத்தில் அடுத்தவர் எழுத்தில் பிழை திருத்துகிறவன் சொந்தமாகக் கதை எழுதினால் இப்படித்தான்.)

அவளுக்கு முதுகெலும்பில் வாதம். எலும்புகள் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் வகை. யாராவது கூப்பிட்டால் கழுத்து திரும்பாது, ஆளே திரும்புவாள். கிடங்கில் அவளுக்குக் ‘கதவு’ என்று பெயர். “தட்டிட்டு உள்ள வாங்கடா” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இப்படிப்பட்ட நோயாளிகள் அன்றாட வேலைகளை எவ்வளவு சமாளிக்கிறார்கள் என்று அளக்க, மருத்துவமனையில் ஒரு கேள்விப் படிவம் தயாரித்தார்கள். சிரமமே இல்லையென்றால் பூஜ்யம், முடியவே முடியாதென்றால் பத்து என்று எண்ணை வட்டமிட வேண்டும். இரண்டாம் கேள்வி, காலுறை மாட்டிக்கொள்வதில் சிரமம் உண்டா என்பது. அளவுகோல் சரியா என்று பார்க்க, ஒரே ஆள் இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை நிரப்ப வேண்டும். இரண்டாவது இல்லையென்றால் முதலாவதும் கணக்கில் சேராது. அவள் ஒன்றை நிரப்பி, அதன் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒன்பதாம் நாள் இறந்தாள்.

3

பதினான்காம் நாள், விஷயம் தெரியாமல், மருத்துவமனையின் பிசியோதெரபி பெண் வெற்றுப் படிவத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். சொன்னேன். அழுதாள். தண்ணீர் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“ரெண்டாவது கேள்வியை மட்டும் திருத்திடும்மா. காலுறை. அது பத்து. நான்தான் மாட்டிவிடுவேன்.”

“சார்... அக்கா எங்க முன்னாடி போட்டுக் காட்டினாங்க. கட்டில்ல மல்லாந்து படுத்து, காலை மடக்கி, இடுக்கியால. நாலு நிமிஷம் ஆச்சு.”

“அப்புறம் என்னத்துக்கு என்னை...”

“நாங்களும் கேட்டோம். ‘அந்த மனுஷன் காலைல வாயைத் திறந்து பேசுறதே அப்பதாம்மா, அதைக் கெடுப்பானேன்’னாங்க.”

இந்த இடத்தில் நாயகன் உடைந்து போக வேண்டும். எழுதியும் பார்த்தேன்: ‘அவன் கண்களில் திரண்ட’

வேண்டாம். உண்மையில் நான் கேட்டது இதுதான்: “எந்த இடுக்கி?”

“வீட்லேர்ந்து எடுத்துட்டு வந்த சமையல் இடுக்கின்னாங்க சார்.”

அதில்தான் நான் தினமும் பால் பாத்திரத்தை இறக்குகிறேன்.

4

போகும்போது படிவத்தை மேசைமேல் விட்டுவிட்டுப் போனாள். மறந்தாளா, மறந்தது போல இருந்தாளா, தெரியாது. இந்தக் கதாபாத்திரத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

முடிவு அ: அவள் எண்களையே பார்த்து எழுதி அனுப்பிவிடுகிறேன். சிறு வட்டங்கள்தானே, வட்டத்துக்கு ஏது கையெழுத்து? ஆனால் எழுதியவர் இல்லாத நேரத்தில் வரியைத் தொடக்கூடாது என்று முப்பது வருடமாகப் பிறருக்குப் பாடம் எடுத்தவன் நான்.

முடிவு ஆ: அனுப்பவில்லை. அவள் சொன்ன பூஜ்யம் எங்கும் சொல்லப்படாததாகிவிடும்.

முடிவு இ: பெயருக்கான இடத்தில் என் பெயரை எழுதிப் பத்தை வட்டமிடுகிறேன். அழகாக இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.

வியாழக்கிழமை படிவங்களைக் கட்டி மூடுகிறார்களாம். இன்று செவ்வாய். இரண்டாம் கேள்விக்கான எண்ணை, இதைப் படிக்கிற உங்களுக்கு விட்டிருக்கிறேன்.

நான் மூன்றாம் கேள்விக்குப் போனேன்: ‘உயரமான தட்டிலிருந்து ஒரு பொருளை எடுக்க முடிகிறதா?’

அவளுக்கு எட்டாத இடத்தில் நாங்கள் எதையும் வைத்ததில்லை. சமையலறையின் மேல் தட்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.