ஆறு பேர் படுத்த பலகை

ரோடினா அன்று சாயங்காலம் நாலு மணிக்குள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். சரி, இல்லை, இரண்டில் ஒன்று. காலை பத்து மணிக்கே இடம் ஒதுக்குகிற அலுவலகத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அவள் கணவன் லாக்லனுக்கு முதியோர் இல்லத்தில் ஒரு கட்டில் காலியாகியிருக்கிறது. நாலு மணிக்குள் சொல்லாவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும்; லாக்லன் பெயர் வரிசையின் கடைசிக்கு. ஒன்றே முக்கால் வருடம் காத்து நின்ற வரிசை அது.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் ஒரு விஷயம் தெரியாமல் இருப்பதுதான் கஷ்டம். அதோடு ரோடினா வீடு எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி. அவள் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதைக்கூட நாற்பது வருடமாக வாசனையிலேயே சொல்லிவிடுவேன். லாக்லனுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம். நல்ல கனமான ஆள், பேச்சும் பாதி போய்விட்டது. படுத்த படுக்கைதான். முதுகு புண்ணாகிவிடும் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். புதன்கிழமை மட்டும் பிற்பகல் மூன்று மணி நேரம் உதவிக்கு ஒரு பெண் வருவாள். அன்று புதன்கிழமை.

நான் துறைமுகத்துக் கப்பலில் வாரத்துக்கு மூன்று பிற்பகல் நிற்பேன். எங்கள் ஆட்களை ஸ்காட்லாந்திலிருந்து இங்கே நோவா ஸ்கோஷியாவுக்குக் கொண்டுவந்த கப்பல் எப்போதோ மக்கிப் போயிற்று. அதே அளவில் மரத்தில் இன்னொன்று கட்டிக் கரையோரம் நிறுத்தியிருக்கிறார்கள். நான் கம்பளிப் பாவாடையும் வெள்ளைத் தொப்பியுமாக அடித்தளத்தில் நின்று, இங்கேதான் படுத்தார்கள், இதைத்தான் தின்றார்கள் என்று ஒரு நாளைக்கு ஆறு தடவை சொல்வேன். ஜூலை மாதத்தில் அந்தப் பாவாடை தொடையை அறுக்கும். ஆறாவது தடவை சொல்லும்போது என் வாய் தன்பாட்டில் பேசிக்கொண்டிருக்கும், நான் மனசுக்குள் ராத்திரிச் சமையலை யோசித்துக்கொண்டிருப்பேன்.

இரண்டரை மணிக்கு ரோடினா கப்பலுக்கு வந்தாள், லாக்லனின் தங்கை வில்லெனாவோடு. வில்லெனா ஒன்டாரியோவில் ஹாமில்டனில் இருக்கிறாள், பத்து நாள் லீவில் வந்திருந்தாள். முன்னோர் வந்த கப்பலைப் பார்க்காமல் ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்று அவள் பிடிவாதம். ரோடினாவுக்குக் கப்பலும் வேண்டாம், முன்னோரும் வேண்டாம். ஆனால் வீட்டில் இருந்தால் லாக்லன் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். அவர் பார்க்கும்போது தன்னால் எதையும் தீர்மானிக்க முடியவில்லை என்று என் காதில் சொன்னாள்.

வில்லெனா கெட்டவள் இல்லை. சின்ன வயதில் அண்ணன் தோளிலேயே வளர்ந்தவள். ஆனால் தூரத்தில் இருப்பவர்களுக்கு மனசு எப்போதும் கொஞ்சம் தெம்பாகவே இருக்கும். காலையிலிருந்து அவள் ஒரே பேச்சைத்தான் பேசியிருக்கிறாள். அந்த இல்லம் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கிறது, பனிக்காலத்தில் ரோடினா எப்படி வண்டி ஓட்டிக்கொண்டு போவாள், அண்ணன் அங்கே யார் முகத்தைப் பார்ப்பான், இப்படி. மேல்தளத்துச் சுவரில் பயணிகள் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. அதில் தங்கள் குடும்பப் பெயரைத் தேடி விரலை வைத்துக்கொண்டு அதே பேச்சை என்னிடமும் ஆரம்பித்தாள்.

"பதினோரு வாரம், யூனிஸ். பதினோரு வாரம் இதுக்குள்ளயே கிடந்து வந்திருக்காங்க. ஒருத்தரையும் அடுத்தவங்ககிட்ட ஒப்படைச்சிட்டு வரல."

கிழவர்களில் பாதிப் பேரைக் கரையிலேயே விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். அதுவும் அதே சுவரில் இரண்டடி தள்ளி எழுதியிருக்கிறது. நான் சொல்லவில்லை. எனக்குக் கால் வலி. ரோடினா கயிற்றுச் சுருள் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டாள். கோட்டுப் பையில் கைபேசியைக் கையால் பிடித்தபடியே இருந்தாள், பறந்து போய்விடக்கூடிய பறவையைப் பிடித்திருக்கிற மாதிரி.

மூன்றாவது சுற்று ஆரம்பித்தது. இந்த இரண்டு பேரோடு ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒரு குடும்பம், அப்பா, அம்மா, வளர்ந்த இரண்டு பெண்கள். ஆறு பேரையும் ஏணி வழியாக அடித்தளத்துக்கு இறக்கினேன். கீழே தார் வாசனையும் ஈர மர வாசனையும் அப்படியே நிற்கும். பக்கவாட்டில் இரண்டு அடுக்காகப் பலகைகள், மேலே வைக்கோல் மெத்தை.

ஒரு பலகைக்கு ஆறு பேர். மல்லாந்து படுக்க இடமில்லை, எல்லாரும் ஒரே பக்கமாக ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். ஒருத்தர் மட்டும் தனியாகப் புரள முடியாது. ஓரத்தில் படுத்திருக்கிறவர் அவ்வப்போது "திரும்பு" என்று சொல்வார், ஆறு பேரும் ஒன்றாகத் திரும்புவார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து இந்தப் பலகையில் படுத்து எழுந்தவர்கள்தான். வருகிறவர்களையும் படுக்க வைத்துக் காட்டுவோம், சிரிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். அதோடு என் பேச்சு முடியும்.

ஆறு பேருக்கு ஆறு பேர் சரியாக இருந்தார்கள். படுத்தார்கள். வில்லெனாவும் குதூகலமாக ஏறிப் படுத்தாள். ரோடினாவை நான்தான் வற்புறுத்தினேன், ஒரு நிமிஷம்தானே என்று. அவள் ஓரத்தில், வில்லெனாவின் முதுகைப் பார்த்தபடி ஒருக்களித்தாள்.

கன்னம் வைக்கோலில் பட்டது. அவ்வளவுதான், தூங்கிவிட்டாள். விளக்கை அணைத்த மாதிரி. வாய் லேசாகத் திறந்திருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் ஹாலிஃபாக்ஸ்காரர் அந்தக் கோடியிலிருந்து, "எப்பங்க திரும்பணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பழக்க தோஷத்தில் நானும் சொல்லிவிட்டேன்.

"திரும்பு."

நாலு பேர் சிரித்துக்கொண்டே புரண்டார்கள். வில்லெனா புரள்வதற்குள் ரோடினாவின் கை போய்விட்டது. ஒரு கை வில்லெனாவின் தோளுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில். கண் திறக்கவில்லை. முழங்காலைப் பலகையில் ஊன்றி, ஒரே இழுப்பில், அலுங்காமல், அந்தக் கனத்த பெண்ணைத் தன் பக்கமாகத் திருப்பிவிட்டாள். பிறகு அவள் சட்டையின் அடியில் விரல் விட்டுச் சுருக்கத்தை இழுத்து நீவினாள். சுருக்கம் இருந்தால் அங்கேதான் புண் ஆரம்பிக்கும். தலையணைக்காகக் கை தடவித் தேடியது. கிடைக்கவில்லை. எலும்போடு எலும்பு உரசாமல் இருக்கத் தன் கையையே வில்லெனாவின் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்தாள்.

"முடிஞ்சுது, லாக்கி," என்று முணுமுணுத்தாள். "முடிஞ்சுதுப்பா. தூங்கு."

எல்லாம் தூக்கத்திலேயே, கண்ணுகளா. மூச்சுகூட மாறவில்லை.

ஹாலிஃபாக்ஸ் பெண்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அவர்கள் அம்மா மெதுவாக எழுந்து, ஒவ்வொருவராகத் தொட்டு எழுப்பி, சத்தமில்லாமல் ஏணிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே ஏறி, மேலே சங்கிலியை மாட்டினேன். கீழே ஒருவருக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நேரம் யாரையும் அனுப்பாதே என்று டிக்கெட் பெண்ணிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். மணி மூன்று.

வில்லெனா அசையவில்லை. இப்போது ரோடினாவின் முகம் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

"ராத்திரியிலயுமா?"

ராத்திரியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் என்றேன்.

"ஒன்பது நாளா மாடியில படுத்திருக்கேன், யூனிஸ். ஒரு சத்தம் கேக்கலையே."

"உனக்குக் கேக்காமத்தான் செஞ்சிருப்பா."

நான் எதிர்ப் பலகையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். வெளியே தண்ணீர் கப்பலைத் தட்டிக்கொண்டிருந்தது. மூன்றரை ஆனது. வில்லெனாவுக்கு ஒரு கால் மரத்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. மெதுவாக ரோடினாவின் கையை எடுத்துவிடட்டுமா என்று ஜாடையில் கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தாள்.

நீயே கூப்பிட்டு அந்த அலுவலகத்தில் சொல்லிவிடேன், அவள் தூங்கட்டுமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். மனைவி சொன்னால்தான் எடுத்துக்கொள்வார்களாம். "எடுத்துக்கிட்டாலும், நான் சொன்னதா இருக்கக் கூடாது," என்றாள். "நாளைக்கு அவ மனசு அடிச்சுக்கும்போது, வில்லெனா செஞ்சதுன்னு நினைச்சா அவளுக்கு ஆறுமா சொல்லு."

நாலு ஆகப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவளே ரோடினாவின் கன்னத்தைத் தொட்டாள். ரோடினா திடுக்கிட்டு எழுந்து, தலையை மேல் பலகையில் இடித்துக்கொண்டாள்.

"நேரமாயிடுச்சா? எந்தப் பக்கம் இருக்கார்?"

"வீட்டுல இருக்கான். அந்தப் பொண்ணு பார்த்துக்கிறா," என்றாள் வில்லெனா. "போன் பண்ணு, ரோடி. சரின்னு சொல்லிடு."

ரோடினாவுக்குக் கோபம் வந்தது. தூக்கம் கலைந்த கோபமும் சேர்ந்து.

"காலையில இருந்து வேண்டாம் வேண்டாம்னு என் உயிரை எடுத்த. இப்ப என்ன வந்துச்சு?"

"காலையில நான் நல்லாத் தூங்கி எழுந்து பேசினேன்."

ரோடினா கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். தடை சொன்னவள் விலகிக்கொண்டால் கை தானாகப் போகும் என்று நான் நினைத்திருந்தேன். போகவில்லை. ஒரு பக்கம் அலுவலகம் எடுத்துக்கொள் என்று சொல்ல, மறுபக்கம் நாத்தனார் வேண்டாம் என்று சொல்ல, நடுவில் நிற்பது அவளுக்கு ஒருவிதத்தில் வசதியாக இருந்திருக்கிறது. இப்போது மறுபக்கம் யாருமில்லை.

"அவர் என் கைக்குப் பழகிட்டார்," என்றாள். கைபேசியை மடியில் கவிழ்த்துவிட்டு, "ஆனா என் கை போன மாசம் அவரைக் கீழ விட்டுடுச்சு. யாருகிட்டயும் சொல்லல. முக்கால் மணி நேரம் ரெண்டு பேரும் தரையிலேயே கிடந்தோம்," என்றாள்.

வில்லெனா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அதற்காகவே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

நாலு ஆக மூன்று நிமிஷம். ரோடினா எண்ணை அழுத்தினாள். ரொட்டித் தட்டை நகர்த்துகிற மாதிரி சாதாரணக் குரலில், சரி, எடுத்துக்கொள்கிறோம் என்றாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள், பதில் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொண்டுவர வேண்டுமாம். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"ஒரு நிமிஷம். பேனா இருக்கா உங்ககிட்ட? அவரை எப்படிப் பார்த்துக்கணும்னு சொல்றேன்."

இதையெல்லாம் அங்கே நர்ஸ் கேட்டுக்கொள்வாள் என்று அலுவலகத்துப் பெண் சொல்லியிருக்க வேண்டும்.

"அவங்களும் கேக்கட்டும். நீங்களும் எழுதிக்கங்க. இடது பக்கம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல தாங்காது. திருப்புறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத் திருப்பணும், சொல்லாமத் தொட்டா பயந்துக்குவார். வேணுங்கறதை வாயால சொல்ல முடியாது, கண்ணை ரெண்டு தடவை மூடினா முழங்காலுக்கு நடுவுல தலையணை வேணும்னு அர்த்தம். எழுதிட்டீங்களா? படிங்க பார்க்கலாம்."

அந்தப் பக்கத்தில் அந்தப் பெண் படித்தாள். ரோடினா ஒரு இடத்தில் திருத்தினாள். மேலே சங்கிலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் கால் மாற்றி நிற்கிற சத்தம் பலகையில் கேட்டது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேசி முடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வில்லெனாவால் எழுந்திருக்க முடியவில்லை, மரத்த காலை இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருந்தாள். அண்ணனிடம் நான் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

"நீ சொன்னா அழுவ. அப்புறம் படுத்திருக்கிற மனுஷன் உன்னைத் தேத்தணும்," என்றாள் ரோடினா. "நானே சொல்றேன்."

"கூட நிக்கலாமா?"

"கதவுகிட்ட நில்லு. உள்ள வராதே."

உதவிக்கு வந்த பெண் நாலரைக்குக் கிளம்பிவிடுவாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து வில்லெனாவை நிறுத்தினோம். ஏணியில் முதலில் ரோடினா ஏறினாள். பாதியில் நின்று, படியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கீழே நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். பிறகு மிச்சப் படிகளையும் ஏறிப் போனாள்.