சட்டை போட்ட மூட்டை

விடியுமுன்பே கப்பி கிறீச்சிட ஆரம்பித்துவிட்டது. திருவொற்றியூரில் கடலை ஒட்டிய அந்தப் பட்டறையில் முதஸ்ஸிரும் சீனியம்மாளும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். உப்பு ஏறிய கயிறு உள்ளங்கையை ராவியது. இரும்புச் சாரத்தின் உச்சிக்கு ஒரு மணல் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. அதன் இடுப்பில் புது பெல்ட். மேலே டெரிக்கின் காக்கிச் சட்டை.

உயரத்தில் வேலை செய்கிறவர்கள் கட்டிக்கொள்ளும் பாதுகாப்பு பெல்ட் தைக்கிற இடம் அது. புது மாதிரி எதுவானாலும் முதலில் மூட்டைக்குக் கட்டி, மேலிருந்து விட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால்தான் கடைக்குப் போகும். போன வருஷம் விளம்பரப் படம் எடுத்தபோது, மூட்டை அழகாயில்லை, ஆள் தொங்கட்டும் என்றார் முதலாளி. ராயபுரத்து டெரிக் சிரித்துக்கொண்டே ஏறினான். பெல்ட் பிய்ந்தது; விழுந்தவன் எழவே இல்லை. பிறகு, அவன் குடித்திருந்தான் என்று கதை கட்டிவிட்டார்கள். பாவிகள்! டீயைத் தவிர வேறெதையும் தொடாதவன் அவன்.

ஆணியில் அவன் மாட்டிவிட்டுப் போன சட்டையை மூட்டைக்குப் போட்டுவிட்டவள் சீனியம்மாள்தான். அன்றிலிருந்து மூட்டைக்கு டெரிக் என்றே பேர். காற்றில்லாதபோதும் அது லேசாக ஆடும். தையல் மெஷினில் குனிந்திருக்கையில் பிடரியை யாரோ பார்ப்பது போலிருக்கும். அவளுக்குப் பயம்தான். ஆனாலும் சட்டையைக் கழற்ற மனம் வரவில்லை.

"டெரிக்கு, வுடட்டா?" என்றான் முதஸ்ஸிர். கேட்காமல் அவன் விட்டதே இல்லை.

மூட்டை விழுந்தது. பெல்ட் தாங்கியது.

"டெஸ்ட் பாஸ்!" என்று கை தட்டினார் முதலாளி. "கொஞ்ச நேரத்துல வியாபாரி வந்துடுவார். சீனியம்மா, சோதிச்சாச்சுங்கற லேபிள எல்லாத்துலயும் தெச்சுடு."

சீனியம்மாள் நகரவில்லை. பொத்தான் தெறிக்கிற மாதிரி இறுகியிருந்த சட்டை இன்று தொளதொளவென்று தொங்கியது.

"முதஸ்ஸிரு, டெரிக் மெலிஞ்சிட்டாண்டா."

"இன்னாக்கா சொல்றே?" அவன் மூட்டையைத் தட்டிப் பார்த்தான். "ஐயே, பாதி மணல காணோம்! அதான் கயித்த இஸ்க்க சொல்லவே லேசா இருந்துச்சு."

"பழைய மூட்டை. கொட்டியிருக்கும்," என்றார் முதலாளி. கீழே ஒரு பொட்டு மணல் இல்லை. மணலைக் குறைத்தவர் சட்டையை மறந்துவிட்டார்.

பக்கத்து மெஷின் வேம்பு அதற்குள் சட்டியில் மணல் அள்ளிவந்து கொட்டினாள். சட்டை பழையபடி இறுகியது. மறுபடி ஏற்றினார்கள், டெரிக்கைக் கேட்டுவிட்டு விட்டார்கள். புது வார் படாரென்று பிய்ந்தது. தொம்மென்று சிமெண்டுத் தரையில் விழுந்தது மூட்டை. அதே சத்தம். சீனியம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரு பீஸ் அப்படித்தான் இருக்கும். நீ லேபிளத் தை."

"தெக்க மாட்டேன்."

"வேலை வேணாமா?"

"வேணும் மொதலாளி. எந்தம்பி அறிவும் உசுரோட வேணும். எண்ணூர்ல சிம்னிக்கு பெயிண்ட் அடிக்கறான். இத்த இடுப்புல கட்டிக்கினுதான் தொங்கறான்."

"வேம்பு, நீ தை."

வேம்பு தன் மெஷினை அணைத்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு மெஷினாக நின்றது. பட்டறைக்குள் முதன்முறையாகக் கடல் இரைச்சல் கேட்டது.

"பட்டறைய இழுத்து மூடிடுவேன்!"

"மூடு நைனா," என்றான் முதஸ்ஸிர். "வந்துகினு கீறாரே வியாபாரி, அவரு கண்ணால பாக்கட்டும். அப்பால மூடு."

புது பெல்ட்டுக் குவியலிலிருந்து இன்னொன்றை உருவி மூட்டைக்குக் கட்டினார்கள். இந்த முறை கயிற்றில் எல்லார் கையும் விழுந்தது. டெரிக் மேலே ஏறினான். நாளைக்கு வேலை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பின்னால் வேம்புவின் மூச்சு சீனியம்மாளின் பிடரியில் சுடச்சுடப் பட்டது. அவள் கயிற்றை விடவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது.

"கீழே இறக்குங்க!" முதலாளியின் குரல் உடைந்தது.

சீனியம்மாள் மேலே பார்த்தாள். சட்டை விம்மப் புடைத்துக்கொண்டு அவன் தொங்கினான்.

"கொஞ்சம் இரு டெரிக்கு," என்றாள். "அவரு உள்ள வரட்டும்."