முழு அச்சு

ஆர்டிஸ் தோட்டா செய்யும் கருவியின் கைப்பிடியை இழுத்தாள். பித்தளைத் தோட்டாக்கூட்டின் வாய் மயிரிழை அளவு விரிந்தது. கூட்டை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சுண்டுவிரல் நுனியால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். வார்த்த ஈயக்குண்டு மென்மையானது. வாய் விரியாத கூட்டுக்குள் அதை அழுத்தினால் விளிம்பு ஈயத்தைச் சீவிவிடும். அளவுக்கு மீறி விரிந்தாலோ தோட்டா துப்பாக்கிக்குள் நுழையாது. கறுப்பு உடையின்மேல் அப்பாவின் கித்தான் ஏப்ரனைக் கட்டியிருந்தாள். பதினோரு மணிக்கு அவரை அடக்கம் செய்யவிருந்தார்கள்.

டென்வரிலிருந்து வந்திருந்த தம்பி கர்ட், காபிக் கோப்பையுடன் கொட்டகை வாசலில் நின்றான்.

“மூணே மூணு குண்டுக்கா இவ்வளவு பாடு? கடையில ஒரு டப்பா வாங்கியிருப்பேனேக்கா.”

“கடைக் குண்டு செம்பு போத்தினது. அந்தக் குழல்ல அப்பா அதை ஒருநாளும் விட்டதில்ல.”

“அவருக்கு இனிமே என்ன தெரியப்போவுது?”

“அவருக்குத் தெரியாது. லைல் மாமாவுக்குத் தெரியும். சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சுடுவாரு.”

கர்ட் சிரித்தான். “அந்தக் கிழத்துக்கு நேர்ல கத்தினாலே காது கேக்காது.”

துப்பாக்கிச் சங்கத்தில் ஒருவர் இறந்தால், அவருடைய துப்பாக்கியாலேயே குடும்பத்தில் ஒருவர் எதிர்க் குன்றின் மண்சரிவை நோக்கி மூன்று முறை சுடுவது அந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம். அப்பா ஹார்லன் டெஸ்கியின் துப்பாக்கி இப்போது கர்ட்டுடையது. ஆகவே அவன் சுடுவான்.

ஆர்டிஸ் கூட்டின் அடியில், மருந்தைப் பற்றவைக்கும் புதுக் கேப்பைப் பொருத்தினாள். வெடிமருந்தை நிறுத்துக் கொட்டினாள். மெழுகு பூசிய ஈயக்குண்டை விரிந்த வாயில் வைத்து மெல்ல அழுத்தினாள். ஒரு பிசிறுகூட எழவில்லை. பள்ளிப் படிப்பை முடித்த ஆண்டிலிருந்து இந்த வேலை அவளுடையது. குறிபார்த்துச் சுடுவது அப்பாவின் வேலை. சங்கத்தின் சுவரில் அவர் பெயரோடு ஒட்டப்பட்ட இலக்குத் தாள்களை யாரேனும் புகழ்ந்தால், அவர் பக்கத்தில் நிற்கும் மகளைப் பாராமலே, “பித்தளை நல்ல பித்தளை,” என்பார்.

அந்தத் துப்பாக்கி தனக்கு வரும் என்று அவள் நம்பியிருந்தாள். கேட்டதில்லை. கேட்டுப் பெறுவது வேறு, தரப்படுவது வேறு என்று நினைத்திருந்தாள்.

இறந்த அன்று காலையில் அப்பா இருவரையும் கட்டிலருகே அழைத்தார். மூக்கில் பிராணவாயுக் குழாய் இருந்தது.

“துப்பாக்கி கர்ட்டுக்கு,” என்றார். மூச்சு திரும்பும்வரை இருவரும் காத்திருந்தார்கள். “கூடெல்லாம் ஆர்டிஸுக்கு. ரெண்டு பேருக்கும் சமமாப் பிரிச்சாச்சு.”

கர்ட் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஆர்டிஸ் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அவர் வேறு ஏதோ சொல்லவிருப்பதுபோல் அவளைப் பார்த்தார்.

“கதவைச் சாத்து. குளிருது.”

அவள் சாத்தினாள். அதன்பின் அவர் பேசவில்லை.

வெடிக்கும்போது கூடு உப்பி, அந்தத் துப்பாக்கியின் பின்னறை வடிவத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறது. ஹார்லன் கூடுகளின் கழுத்தை மட்டும் சுருக்கச் சொல்வார். உடலைத் தொட விடமாட்டார். உடலையும் சேர்த்துச் சுருக்கும் முழு அச்சு ஒன்று பழைய காபி டப்பாவில் கிடந்தது. “அதுல விட்டா, யாரோட கூடுங்கறதே அதுக்கு மறந்துபோயிடும்,” என்பார். எனவே பெட்டி நிறைந்த அந்தக் கூடுகள் அவருடைய துப்பாக்கி ஒன்றுக்கே பொருந்தும். அதே அளவில் ஆர்டிஸ் ஒரு பழைய துப்பாக்கி வாங்கிவந்தபோது இவற்றில் ஒன்றை அதில் போட்டுப் பார்த்தாள். பின்னறையை மூடும் பூட்டு பாதிவழியில் நின்றுவிட்டது. அப்பா அந்தத் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்,” என்றார்.

மூன்றாவது தோட்டாவைத் துடைத்தபடி, ஆர்டிஸ் தலை நிமிராமல் கேட்டாள்:

“அங்க கொண்டுபோய் அதை வச்சு என்னடா பண்ணுவ?”

“ஹால்ல மாட்டுவேன். சுடறதுக்கெல்லாம் வழியில்லக்கா. வீட்டுல ஜீனாவுக்கு அந்தச் சத்தமே ஆகாது.”

“சுடமாட்டேன்னா இங்கயே இருக்கட்டுமே.”

கர்ட் கோப்பையைப் பார்த்தான். காபி முடிந்திருந்தது.

“அப்பா வாய் திறந்து சொன்னதுக்கா. அவரை இன்னும் மண்ணுல வைக்கக்கூட இல்ல, அதுக்குள்ள மாத்தச் சொல்றியா?”

அவள் மூன்று தோட்டாக்களையும் அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

கல்லறை மேட்டில் காற்று பலமாக இருந்தது. போதகர் சுருக்கமாகப் பேசினார். கர்ட் குன்றை நோக்கி நின்று சுட்டான். பூட்டைப் பின்னுக்கு இழுத்தான். வெற்றுக் கூடு வெளியே துள்ளி உறைந்த புல்லில் விழுந்தது. மூன்று முறையும் ஒரே சத்தம். குறையும் இல்லை, கூடுதலும் இல்லை.

அப்பாவின் பழைய சங்கத் தோழர் லைல் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்திருந்தார். அவர் கண்கள் நனைந்திருந்தன.

“கேட்டியா ஆர்டிஸ் கண்ணு? மூணும் ஒரே மாதிரி! உங்கப்பன் கைவேலை அது. செத்தும் பிசகல பாரு.”

“ஆமா மாமா.”

“அந்த மாதிரி ஒரு கை இனிமே இந்தப் பக்கத்துல கிடையாதும்மா.”

மற்றவர்கள் வண்டிகளை நோக்கி நடந்தபோது, ஆர்டிஸ் குனிந்து புல்லில் கூடுகளைத் தேடினாள். சுட்ட இடத்தில் கூட்டை விட்டுவிட்டு வருபவரை அந்தச் சங்கம் மதிப்பதில்லை.

“விட்டுட்டு வாக்கா, எல்லாரும் பாக்கறாங்க,” என்றான் கர்ட்.

“பாக்கட்டும். எனக்குன்னு குடுத்தது.”

மூன்றாவது கூடு குழியின் விளிம்பில், தோண்டிய மண்ணுக்குள் பாதி புதைந்து கிடந்தது. அதையும் எடுத்து, மண்ணை ஊதிவிட்டு, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். துணிக்குள்ளிருந்து இளஞ்சூடு சிறிது நேரம் தெரிந்தது.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றித்தொடை இறைச்சியும் பாலில் வெந்த உருளைக்கிழங்கும் பரிமாறினார்கள். சாப்பாடு முடியுமுன்பே கர்ட் இருமுறை கடிகாரத்தைப் பார்த்தான். வீட்டுக்கு வந்து, துப்பாக்கியை அம்மாவின் பழைய போர்வையில் சுற்றி வண்டியின் பின்னிருக்கையில் கிடத்தி, அது உருளாதிருக்கப் பாதுகாப்புப் பட்டியையும் மாட்டினான்.

“உனக்கு ஒண்ணும் வருத்தமில்லயேக்கா?”

“பனி பெய்யறதுக்குள்ள மலைப்பாதையைத் தாண்டிடு.”

வண்டி வளைவில் மறைந்ததும் கொட்டகைக்குப் போனாள். ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். கருவியிலிருந்து கழுத்து அச்சைத் திருகிக் கழற்றித் துணியில் சுற்றி, மேல்தட்டில் பின்பக்கமாக வைத்தாள். காபி டப்பாவிலிருந்து முழு அச்சை எடுத்தாள். துருவில்லை, அப்பா எண்ணெய் பூசியே வைத்திருந்திருக்கிறார். அதைப் பொருத்தி இறுக்கினாள்.

கோட்டுப் பையிலிருந்த மூன்றில் ஒன்றைத் துடைத்து, உடல் முழுதும் கொழுப்பெண்ணெய் தடவி, கருவியில் நிறுத்தினாள். கைப்பிடி பாதிவரை எளிதாக இறங்கிப் பின்பு நின்றது. அவள் இரு கைகளாலும் பற்றி, உடம்பின் எடையை அதன்மேல் சாய்த்தாள். கூடு முனகிக்கொண்டே அச்சுக்குள் ஏறியது. செத்த கேப்பு கழன்று கீழிருந்த தகரத்தில் விழுந்தது.

கோழிக்கூண்டின் பக்கச் சுவரில் சாய்த்துவைத்திருந்த தன் துப்பாக்கியை எடுத்துவந்தாள். கூட்டை அதற்குள் இட்டுப் பூட்டைத் தள்ளினாள். பூட்டு கடைசிவரை சென்று மூடிக்கொண்டது.

அதைத் திறந்து கூட்டை வெளியே எடுத்து, மேசையின் வலது பக்கத்தில் நிறுத்தினாள். பிறகு இடது பக்கத்தில், கூடுகள் நிறைந்த பெட்டியின் மூடியைத் திறந்தாள்.