ஆணியில் தொங்கிய சாவி

வால்ட் பாவ்லிக் பேத்திக்காக பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தார். மகள் ரெனாட்டா வாசலிலேயே நின்றாள். ஒரு கையில் ஐந்து வயது டெஸ்ஸா, மறு கையில் ஒரு வாரத்துத் துணிப்பை. திங்கட்கிழமை ரெனாட்டாவுக்கு இடுப்பில் ஆறாவது ஆபரேஷன்; அதனால் குழந்தையை ஒரு வாரம் இங்கே விட வந்திருந்தாள். பதினாறு வருஷத்துக்கு முன் ஊர்க் கல்லூரி நூலகத்தில் ஏழு பேரைக் கொன்ற துப்பாக்கி, அவளைப் பாதி உயிரோடு விட்டுவைத்தது. இன்றும் எந்த ஓட்டலிலும் கதவைப் பார்த்துத்தான் உட்காருவாள்.

"அப்பா, மான் வேட்டைத் துப்பாக்கி எங்க?"

"துணி துவைக்கிற ரூம்ல, கதவுக்கு மேல. எங்கப்பா காலத்துலேருந்து அங்கதான்."

"பூட்டலையா?"

அவர் கரண்டியை வைத்தார். "என் வீட்டுக்கே வந்து என்னையே விசாரிக்கிறியா? நல்லா இருக்கு!"

"இவ விளையாடப் போற எல்லா வீட்லயும் இதத்தான் கேக்குறேன். மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. அப்பான்னு உங்களை மட்டும் விட்டுடணுமா?"

"நான் என்ன கேரி மாதிரியா? துப்பாக்கி பீரோவப் பூட்டிட்டு, சாவிய நாய்ச்சங்கிலியோட ஆணியில மாட்டி வச்சவன் அவன்!"

கேரியின் பீரோவிலிருந்து அவன் மகன்தான் துப்பாக்கியை எடுத்துப் போய் நூலகத்தில் சுட்டான் என்பது ஊரறிந்தது. ஆனால் ரெனாட்டா மெதுவாகக் கேட்டாள், "சாவி எங்க தொங்குச்சுன்னு எந்தப் பேப்பர்லயும் வரலையே. உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

பான்கேக் கருகியது.

"வருஷா வருஷம் அவன் வீட்லேருந்துதானே வேட்டைக்குக் கிளம்புவோம்... அந்தப் பையன் யார்கிட்டயும் பேசமாட்டான், ஒரு மாதிரி பாப்பான். சாவிய அங்க வைக்காதடான்னு சொல்லலாம்னு தோணுச்சு. அடுத்தவன் வீட்டு விஷயம், கோவிச்சுக்குவானேன்னு..."

"இத்தனை வருஷமா என் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்துலயே உக்காந்திருந்தும் இதைச் சொல்லலையேப்பா!"

பையையும் குழந்தையையும் இழுத்துக்கொண்டு, நொண்டி நொண்டிக் காருக்குப் போனாள். "தாத்தா, பான்கேக்?" என்று டெஸ்ஸா திரும்பிப் பார்த்தாள். கார் கிளம்பிவிட்டது.

வால்ட் துப்பாக்கியை இறக்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிறகு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். நாற்பது வருஷத்து வேட்டைத் துணை ஸ்டான் வந்தான். உள்ளே அவன் பேரன்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்டான், துப்பாக்கியப் பூட்டியிருக்கியா? சாவி எங்க?"

"என்னடா, எப்போ போலீஸ்ல சேர்ந்த? உன் சோலியப் பாத்துட்டுப் போ!"

வால்ட் நகரவில்லை. கண்ணீர் தாடியில் இறங்கியது.

"திட்டுடா. நாளையிலேருந்து பேசாட்டியும் போ. பதில் மட்டும் சொல்லு. சிநேகிதம் கெட்டுடும்னு அன்னைக்கு நான் வாய மூடிட்டிருந்தேன், ஏழு பிள்ளைங்க செத்துப் போனாங்க. கேட்டா கோவம்தான்டா வரும். கேக்காட்டி பொணம் வரும்."