நீல நூல்

பிரிஜாவுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. கழிவுநீர் நிலையத்தின் சோதனை அறையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைப்பாள், எடுப்பாள், எழுந்து ஜன்னலுக்குப் போவாள். வெளியே தேவகுமாரின் லாரி நின்றது. கழிவுநீரின் அடியில் தங்கிக் காய்ந்த கசடை, அருமனை ஊரிலுள்ள தன் விளைக்கு, அந்த வாழைத் தோட்டத்துக்கு, எருவாக எடுத்துப்போக வந்திருந்தார். கொண்டுபோகலாம் என்று சீட்டில் கையெழுத்துப் போட வேண்டியவள் இவள்தான்.

கசடில் பிளாஸ்டிக் நூல் கிடப்பது புதிதல்ல. ஊரெல்லாம் துணி துவைத்த தண்ணீர் இங்கேதானே வருகிறது. சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று வெறுங்கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் ஒரு சிட்டிகைக்கு இருபது முப்பது இருக்கும். இன்று இருநூறைத் தாண்டியது. பெரும்பாலும் ஒரே நீலம்.

முதலில் தன் நீலத் துப்பட்டாவின் மேல் பழி போட்டாள். அதைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுப் புதிதாக ஒரு சிட்டிகைக் கசடு எடுத்தாள். அதே நீலம். கசடு காயும் நான்காவது தொட்டியிலிருந்து எடுத்தாள். அதில் நீலம் ஒன்றிரண்டுகூட இல்லை.

ஜன்னல் வழியே பார்த்தபோதுதான் உறைத்தது. காயவைக்கும் முதல் மூன்று தொட்டிகளின் மேலும் நீலப் பிளாஸ்டிக் மீன்வலை. மயிலும் காக்கையும் கிளறாமலிருக்க மூன்று மாதத்துக்கு முன் அவளே கடற்கரையிலுள்ள தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து கட்டியது. நான்காவதுக்கு வலை எட்டவில்லை. "வெயில்ல இத்துப்போன வலையாக்கும், ஏட்டி. தொட்டா பொடியும்," என்று அப்பா ஏசுஅடிமை அன்றைக்கே சொன்னார். காக்கைக்கு இது போதுமென்று சிரித்துக்கொண்டே வாரிவந்தாள். அதற்கு அதிகாரி எல்லார் முன்னாலும் பாராட்டி வேறு தொலைத்தார். படித்து என்ன புண்ணியம்! தன்னையே அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

தேவகுமார் கதவருகே எட்டிப் பார்த்தார். கையில் ஒரு கட்டுக் கீரை. "என்ன பிள்ளே, கையெழுத்துக்கு இம்புட்டு நேரமா? லோடு ஏத்தட்டா?"

போட்டுவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது. விளைக்குள் மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு எவன் வரப்போகிறான்? பேனாவை எடுத்தாள், மூடினாள், திறந்தாள். கடைசியில் மேசைமேல் வைத்துவிட்டாள்.

"வேண்டாம் மாமா. நான் கெட்டுன வலை பொடிஞ்சு கசடுல கலந்து கெடக்கு. அது மக்காது. தப்பு எனக்க தப்புதான்."

அவர் லாரியைத் திரும்பிப் பார்த்தார். "அப்பம் போன மாசம் கொண்டுபோன ரெண்டு லோடு?"

அந்தக் கேள்வியைத்தான் அவள் காலையிலிருந்து தள்ளித் தள்ளி வைத்திருந்தாள். "அதுலயும் இருக்கும் மாமா."

"வாரி எடுத்துரலாமா?"

"முடியாது."

கீரைக்கட்டை அவர் மெல்ல மேசைமேல் வைத்தார். "அந்த மண்ணுல வாழைக்கு ஊடால போட்ட கீரையாக்கும். ஒனக்குன்னு கொண்டாந்தேன்."

வேரோடு பிடுங்கியிருந்தார். பிரிஜா வேரில் ஒட்டியிருந்த மண்ணைக் கொஞ்சம் உதிர்த்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தாள். குனிந்து பார்த்தாள். அங்கேயும் அதே நீலம். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு எழுந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களும் பாருங்க மாமா."